அட்ரினலின், பெரிய சைஸ்

செத்தவரை எழுப்ப ஒரு மருந்து இருக்கிறது, அதைக் கடையிலேயே வாங்கலாம் என்று பத்து வயதில் உறுதியாக நம்பினேன். ஆள் பருமனாக இருந்தால் பெரிய சைஸ் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமல்லபுரத்திலிருந்து அத்தையும் மாமாவும் நானும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். மாமா என் தோளில் சாய்ந்தார். தூங்குகிறாராக்கும் என்று தள்ளினேன். கீழே விழுந்துவிட்டார். டிரைவர் கோவளத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தினார்.

உள்ளே நர்சம்மா மாமாவின் நெஞ்சை இரண்டு கையாலும் குத்துவதுபோல் அமுக்கினார். எங்கள் மாமாவை அடிக்க இவர் யார்? கையைக் கடித்துவிட்டேன்.

“கடிக்கப் பல்லு கீதுல்ல, ஓடக் காலும் இருக்கும். இங்க இருந்த ஊசி தீந்துபோச்சு. எதிர்க் கடையில வாங்கினு வா!”

அத்தை மாமாவின் காலை விடவில்லை. அட்ரினலின் என்று டாக்டர் எழுதித் தந்த சீட்டோடு நான்தான் ஓடினேன். ஈசிஆர் ரோட்டில் சுற்றுலா வேன்கள் வழியே விடவில்லை. கடந்ததும் பதற்றத்தில் நான் ஏறியது டெய்லர் கடை. “மாமாவுக்கு, பெரிய சைஸ்” என்றேன். அவர் டேப்பை எடுத்துவிட்டார்.

பக்கத்து மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் மூன்று கண்ணாடிக் குப்பிகளைக் கையில் திணித்து, “ஓட்றா” என்றார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. இத்தனூண்டு மருந்து அவ்வளவு பருமனான மாமாவுக்கு எப்படிப் போதும்?

திரும்பியபோது டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். நர்சம்மா சும்மா நின்றார். என்னைப் பார்த்ததும் அத்தை கத்தினாள்.

“இன்னாத்துக்கு நிக்கிற? புள்ள மருந்து வாங்கினு வந்துட்டான். ஒடச்சிப் போடு! அமுக்கு!”

டாக்டர் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குப்பியை உடைத்தார். நர்சம்மா மறுபடி அமுக்கினார். மாமா எழவில்லை.

சாவு வீட்டில் ஊரப்பாக்கத்துப் பெரியப்பா, “பையன் கொஞ்சம் வெரசா வந்திருந்தா...” என்று இழுத்தார். அழுதுகொண்டிருந்த அத்தை எழுந்தே விட்டாள்.

“புள்ள டைமுக்கு வந்தான். மருந்து ஏறுச்சு, நான் பாத்தேன். இனிமே எவனாச்சும் வாயத் தொறந்தா மரியாத கெட்டுடும்!”

பெரியப்பா காபி டம்ளரோடு நழுவினார். அந்தத் தைரியத்தில் நானும் பல வருஷம், சைஸ்தான் சின்னது, என் மேல் தப்பில்லை என்று மருந்துக் கடைக்காரரைத் திட்டித் திரிந்தேன்.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அத்தையே சொன்னாள். நான் ரோட்டைக் கடக்க நின்றபோதே மாமா இறந்துவிட்டார். டாக்டர் அத்தையிடம் சொல்லியும்விட்டார். அதைக் கேட்ட பிறகுதான், நான் உள்ளே நுழைந்ததும், அமுக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறாள்.