பேசியவர்கள் பட்டியல்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். புதன்கிழமை மதியம் எனக்கு டியூட்டி கிடையாது. அந்த நேரத்தை மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்குக் கொடுத்தேன். மனதில் பாரத்தோடு இருக்கும் பிள்ளைகள் வந்தால், உட்கார்ந்து கேட்க வேண்டும். இன்று இதே தொண்டுக்குக் கிளம்பியிருக்கும் தங்கைகளுக்காக நான் செய்த ஒரு தவறை எழுதி வைக்கிறேன்.

1. முதல் புதன்

தலைமையாசிரியை தையல் அறையை ஒதுக்கித் தந்தார். "எங்ககிட்ட சொன்னா மார்க்குல கை வச்சிருவோம்னு பயப்படுதுங்க. நீங்க வெளியாளு. உங்ககிட்ட சொல்லும்" என்றார்.

நான்கு பேர் வந்தார்கள். எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்குப் போகும் ஒவ்வொரு டிரங்க் காலுக்கும் டிக்கெட் எழுதுவோம்: யார், எப்போது, எத்தனை நிமிடம். அதே பழக்கத்தில் ஒரு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பெயர், வகுப்பு, நேரம் எல்லாம் பதிந்தேன். மேலே தடித்த எழுத்தில் தலைப்பு: பேசியவர்கள்.

2. இரண்டாம் புதன்

3.10 முதல் 4.30 வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. 'இல்லை' என்று பதிந்தேன்.

3. மூன்றாம் புதன்

தலைமையாசிரியையே ஒருத்தியைக் கூட்டி வந்தார். பெயர் பூங்கொடி, ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். தொண்டையில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவங்கப்பா பூட்டுப் பட்டறையில இருக்காரு. பேசாத பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு, நிப்பாட்டிர்றேங்கறாரு. இந்த மாசம் முடியட்டும்னு கெஞ்சி வச்சிருக்கேன்" என்று என் காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

நான் நோட்டைத் திறந்தேன். பூங்கொடி தலைப்பைப் படித்தாள். எழுந்து, வலது கையை என் முன்னால் நீட்டினாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆயா சவரியம்மாதான் சிரித்தாள்.

"ஏம்மா, வகுப்புல பேசுனவங்க பேரை லீடர் போர்டுல எழுதுனா அடி விழும்ல? ஒண்ணாப்புப் பிள்ளைக்கும் தெரியும். நீங்க இம்புட்டுப் படிச்சிருக்கீக, இது தெரியல?"

நான்கு பிள்ளைகளின் பெயரையும் அந்தத் தலைப்பின் கீழ் எழுதியிருந்தேன். அவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தாளைக் கிழித்துப் பூங்கொடியிடமே கொடுத்தேன். அவள் அதை எட்டாக மடித்து, பொறுமையாகக் கிழித்து, துண்டுத் துணிக் கூடையில் போட்டாள். பிறகு உட்கார்ந்தாள். நான் நோட்டை மூடி வைத்தேன். லைன் கிடைக்கும்வரை காத்திருப்பது எங்கள் தொழில். கடைசியில் கரகரத்த குரல் ஒன்று வந்தது.

"டெலிபோன்ல பேசுறதெல்லாம் உங்களுக்குக் கேக்குமா?"

"கேக்கும். ஆனா கேக்கக் கூடாது, அது ரூலு."

"கேட்டுட்டா?"

"வெளிய சொல்லக் கூடாது."

"யார்கிட்டயுமா?"

"யார்கிட்டயும்."

அவள் பேசினாள். என்ன பேசினாள் என்பதை இங்கும் எழுதப் போவதில்லை. என் அன்றைய டைரியில் '3.25 – 4.20' என்று மட்டும் இருக்கிறது. பக்கத்தின் மீதியை வெற்றிடமாகவே விட்டேன்.

4. பிறகு

மேலும் இரண்டு புதன்கள் வந்து பேசினாள். அடுத்த புதன் நான் நுழைந்ததும் தலைமையாசிரியை என்னை ஒன்பதாம் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். பூங்கொடியின் அப்பாவையும் வரவழைத்திருந்தார். கரும்பலகையில் லீடரின் கோணல் எழுத்து: பேசியவர்கள். 1. பூங்கொடி.

அப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"எம்மக பேருதானா? அடிச்சிராதீகம்மா."

"அடிக்கல. ஆனா நிப்பாட்டணும்னீங்களே?"

"அட, நீங்க வேற! வார வருசமும் இங்கனதான் படிப்பா."

முதல் பெஞ்சில் பூங்கொடி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் நம்மிடம் சொல்வதை நோட்டில் ஏற்றாதீர்கள். அன்று நான் டைரியில் ஒரே ஒரு பெயரை எழுதினேன். அதுவும் எல்லோரும் பார்க்கப் போர்டில் இருந்த பெயர் என்பதால்தான்.