தாத்தா கட்டிய வரி

எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு லௌடோகா நகரத்தில் எல்லோருக்கும் ஒரே காகிதம்தான் தேவைப்பட்டது. வரி பாக்கி எதுவும் இல்லை, இவர் போகலாம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் காகிதம். அது இல்லாமல் குடிபெயர முடியாது. பேங்கில் கிடக்கும் சொந்தப் பணத்தைக்கூட வெளியே அனுப்ப முடியாது. நான் ஒரு கணக்காளரிடம் வரிப் படிவம் நிரப்பும் வேலையில் இருந்தேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட யாராவது சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை உருவி என் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். பாயசத்தை நிம்மதியாகக் குடித்து வெகுநாள் ஆகியிருந்தது.

சவேனி கிராமத்திலிருந்து பஸ் ஏறி சித்தப்பா வந்தபோது அவர் கையில் இருந்தது நியூசிலாந்து விசா. ஆக்லாந்தில் இருக்கும் மகள் வரவழைத்திருந்தாள். ஆறு வாரத்துக்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் விசா செத்துவிடும். கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து நிலம் கைவிட்டுப் போயிருந்தது. வீட்டின் தகரத்தையும் பலகையையும் பிரித்து விற்றுவிட்டு, அவரும் சித்தியும் பக்கத்து வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தார்கள். விசா போனால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு கூரை இல்லை.

“காகஜ் எல்லாம் நீதானே பாக்குற. ஜல்தியா ஒரு கையெழுத்து வாங்கிக் குடும்மா” என்றார்.

சித்தி ஒரு நாளும் சம்பளம் வாங்கியதில்லை. அவள் காகிதம் மறுநாளே வந்தது. சித்தப்பாவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. இப்படி ஒரு விவசாயி எங்கள் பதிவில் இல்லையே, முப்பது வருஷமாக எதைச் சாப்பிட்டு வாழ்ந்தார் என்று வரி அதிகாரி கேட்டிருந்தார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பதில் எனக்குத் தெரியும். பண்ணை எங்கள் தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் அவர் பெயரிலேயே இருந்தது. பா என்ற ஊர்ப் பக்கத்தில் உறவுக்காரர் ஒருவர் தன் அப்பா செத்த கையோடு பண்ணையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அந்த வருஷமே கரும்பு பாதி எரிந்துபோனது. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் பெரியவர் பெயரை எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. பெயர் இருக்கும்வரை பங்கு கேட்டு யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற வசதியும் அதில் இருந்தது. தாத்தா பெயரில் கரும்புக் காசு வந்தது, தாத்தா பெயரில் வரி போனது. வருஷா வருஷம் படிவத்தை நிரப்பியவள் நான். தாத்தாவின் கையெழுத்தைப் போட்டவர் சித்தப்பா. குடும்பத்து மரியாதை என்று நினைத்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவை அழைத்துக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. மதியத்துக்குமேல் போனால் பின்னறையில் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்க் காத்திருந்தோம். அதிகாரி தாத்தாவின் ஃபைலைப் புரட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். ஒரு காசு பாக்கி இல்லை, ஒரு வருஷம்கூடத் தாமதம் இல்லை என்றார். “இவருன்னா இப்பவே எழுதிக் குடுத்துடுவேன். பெரியவரை வரச் சொல்லுங்க, என் முன்னாடி ஒரு கையெழுத்துப் போடட்டும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா மேசையிலிருந்த பேனாவை எடுத்துவிட்டார். “அவரு எதுக்கு சார்? எப்பவும் நான்தானே போடுறேன், குடுங்க.”

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். பயனில்லை. அதிகாரி பழைய படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பி, பெரியவர் எப்போது இறந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அன்று அவர் சொன்ன சட்டத்தைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சித்தப்பா பன்னிரண்டு வருஷத்துக்கும் தன் பெயரில் புதிதாகக் கணக்குக் காட்டி, அபராதத்தோடு வரி கட்ட வேண்டும். தாத்தா கட்டியது தாத்தாவுடையது. அதை இவர் கணக்கில் சேர்க்க முடியாது. திரும்ப வேண்டுமென்றால் கோர்ட்டில் வாரிசு உத்தரவு வாங்கி வர வேண்டும். அந்தப் பணம் வராமல் சித்தப்பாவால் புது வரியைக் கட்ட வழியில்லை. ஒரே நிலம், ஒரே கரும்பு, ஒரே வரி. அதை இரண்டு முறை கட்டச் சொல்கிறீர்களா என்று கத்தினேன். அதிகாரி கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி மிகவும் மரியாதையாகவே மறுத்தார்.

வாரிசு உத்தரவுக்கு வழக்கறிஞரைத் தேடினால், எங்கள் வழக்கறிஞர் சிட்னிக்குப் போய்விட்டிருந்தார். அவருடைய வழக்குக் கட்டுகளை வாங்கிக்கொண்டவர் பிரிஸ்பேனுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான்கு வாரம் இப்படியே ஓடியது. சித்தப்பா தினமும் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, “ஆச்சாம்மா?” என்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், “செத்தவரை வரி கட்ட வச்சா இப்படித்தான் ஆகும்” என்று எரிந்துவிழுந்தேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் அதிகாரியே ஒரு வழி சொன்னார். இங்கேயே இருக்கும் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் சித்தப்பாவை விட்டுவிடலாம். ஆனால் கணக்கு முழுதும் முடியும்வரை அந்த ஆள் குடிபெயர முடியாது. சொந்தக்காரர்களை எல்லாம் கேட்டேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் ஏதோ ஒரு தூதரகத்தில் ஒரு விண்ணப்பம் இருந்தது. கனடாவுக்கு நானும் ஒன்று போட்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. உப்புத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்? படிவம் நிரப்பியவள் நான். கையெழுத்துப் போட்டேன். அதற்கு என்ன நிபந்தனை என்று சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

விசா முடிய நான்கு நாள் இருக்கும்போது நாந்தியில் இருவரையும் விமானம் ஏற்றினேன்.

அடுத்த வருஷம் கனடாவிலிருந்து அனுமதி வந்தது. கோர்ட்டில் தாத்தாவின் வழக்கு நகரவில்லை. அனுமதியின் கெடு முடிந்தது. மறுபடி விண்ணப்பித்தபோது வயது கூடிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள்.

தீபாவளிக்குத் தீபாவளி சித்தப்பா ஆக்லாந்திலிருந்து போன் செய்வார். போன தடவையும் கேட்டார்: “எல்லாரும் கெளம்பி வந்துட்டாங்க. நீ மட்டும் அங்க என்னதாம்மா வச்சிருக்க?”

“உங்க வரிதான் சித்தப்பா” என்றேன்.

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து, அதைச் சித்தியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.