கொள்ளி வைப்பவரும் எக்ஸிகியூட்டரும்

நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு உதவும் என்று சிலர் சொன்னதால் எழுதுகிறேன்.

யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் உறுதிப் பத்திரங்கள் எழுதும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். நொத்தாரிசு ஐயாவுக்குச் சிங்களம். வருபவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ். நடுவில் நான். சொன்னதை மட்டும் மொழி மாற்றிச் சொல்ல வேண்டும், சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்று முதல் நாளே ஐயா சொல்லிவிட்டார். கூச்ச சுபாவமுள்ள எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

ஒருநாள் மருதமுத்து என்பவர் மரணசாசனம் எழுத வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். பத்துப் பேர்ச் காணியும் வீடும் தன்னோடு இருக்கும் மகள் செல்விக்கு என்றார். கொழும்பில் இருக்கும் மூத்த மகன் வீட்டை விற்கச் சொல்லி நிற்கிறாராம். அதனால்தான் வந்திருக்கிறார்.

எக்ஸிகியூட்டர் யார் என்று ஐயா கேட்டார். உங்களுக்குப் பிறகு இதை நிறைவேற்றி வைக்கும் ஆள் யார் என்று நான் கேட்டேன்.

"மூத்தவன்தாங்க. கொள்ளி வைக்கிறது அவன்தானே."

அநேகமாக எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். நானும் அப்படியே மாற்றிச் சொல்லிவிடுவேன். வீட்டை விற்கச் சொல்பவர் கையிலேயே அதைக் கொடுப்பதா என்று அன்று முடியவில்லை.

"கொள்ளி ஒரு நாள் வேலைங்க. இது கோர்ட்டுக்கு அலையுற வேலை. செல்விக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமா?"

"நல்லா வாசிக்கும். ஆனா பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வராதே தம்பி."

"கோர்ட்டுக்கு வரலாங்க."

என்ன இவ்வளவு நேரம் என்று ஐயா சிங்களத்தில் கேட்டார். ஆளை யோசிக்கிறார் என்றேன். அது பொய்யில்லை.

மருதமுத்து குரலைத் தாழ்த்தினார். "இது தெரிஞ்சா மூத்தவன் கொள்ளிக்கே வரமாட்டான். அதுக்கு முன்னாடி இத யாராச்சும் வாசிப்பாங்களா?"

நீங்கள் சொல்லாவிட்டால் தெரியாது என்றேன். பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு செல்வியின் பெயரைச் சொல்லி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து வைத்தார்.

அன்றிலிருந்து கொள்ளி வைப்பவர் யார் என்று முதலில் கேட்டு, அதைத் தனியாக வைத்துவிட்டுத்தான் எக்ஸிகியூட்டரைப் பற்றிக் கேட்கிறேன். பெயர் போடுமுன் அந்த ஆளிடம் சம்மதம் கேட்டீர்களா என்றும் கேட்கிறேன். மருதமுத்துவிடம் அதைக் கேட்க மறந்துபோனேன்.

மருதமுத்து கையெழுத்து வைத்த மறுநாள், அப்பா சொன்னதாகச் செல்வி வந்தார். அவர் காலத்துக்குப் பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். முதல் வரியில், கொள்ளி வைக்க அண்ணனுக்குப் போன் பண்ணிக் கூப்பிட வேண்டும் என்று இருந்தது. அது எக்ஸிகியூட்டர் வேலை இல்லை என்றேன். அதை வெட்டாமல் கொப்பியை மூடிக்கொண்டு போனார்.