சாம்பல் போட்ட தேயிலைச் செடி

எழுபதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு ஜப்பான்காரப் பெண் குடியிருந்தாள். ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு அறை விடுவது எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். மற்றவர்கள் தோள்பையோடு வந்தார்கள். இவள் ஈரத்துணியில் சுற்றிய ஒரு செடியோடு வந்தாள். பச்சைத் தேயிலை. அவள் அம்மா தன் தோட்டத்தில் வெட்டி வேர்பிடிக்க வைத்துக் கொடுத்தது. மாதக்கணக்கில் பனி மூடிக் கிடந்தாலும் கருகாத ரகமாம்.

"பனியைத் தாங்கும், சரி. நம்ம ஊரு வெயிலை?" என்று கேட்டேன். கிண்டலுக்குத்தான். அவளும் சிரித்தாள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த இலையில் அவள் போட்டுக் கொடுத்த தேநீர் முதல்நாள் எனக்குக் கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. மறுநாள் அதே இலையைப் பாலில் கொதிக்கவிட்டு, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவளுக்கே ஒரு டம்ளர் நீட்டினேன். முழுக்கக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு அக்கா" என்றாள். அந்தப் பொய்யிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதன்பிறகு சாயங்காலமானால் கிணற்றடியில் உட்கார்ந்து அவள் கீரைத் தண்ணீரையும் நான் என் டீயையும் குடிப்போம். அந்தச் சாயங்காலங்களுக்கு இன்றைக்கும் மனசு ஏங்குகிறது.

பங்குனியில் அவள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. செடியை நட்டு வைத்திருந்த தொட்டியை என்னிடம் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோங்க அக்கா" என்றாள்.

"நான் வச்சு எந்தச் செடி வீணாப்போச்சு? நீ தைரியமா போய்ட்டு வா" என்றேன். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் ஜாஸ்தி.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். கிணற்றடி நிழலில் வைத்து, தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, அக்னி நட்சத்திரத்தையே தாண்டவைத்தேன். இரண்டு துளிர்கூட விட்டது. தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனியில் இலைக்கடியில் அசுவினிப் பூச்சி விழுந்தது. அவரைக்கு விழுந்தால் என்ன செய்வோம்? அடுப்புச் சாம்பலைத் தூவுவோம். தூவினேன், பூச்சி போயிற்று. திரும்ப வந்துவிடுமோ என்று தினமும் ஒரு கைப்பிடியைத் தூரிலும் போட்டேன். இலை மஞ்சளடித்தது. சத்து போதவில்லை போல என்று இன்னொரு கைப்பிடி போட்டேன். ஆவணி முடிவதற்குள் வெறும் குச்சிதான் நின்றது.

கீழ்பென்னாத்தூரில் விவசாய ஆபீசில் வேலை பார்த்த என் அண்ணன் வந்திருந்தபோது காட்டினேன். மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"தேயிலைக்குப் புளிப்பு மண்ணு வேணும். சாம்பல் அதுக்கு நேர்விரோதம். நீதான் கொன்னுட்டே" என்றார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமே அவள் வந்து நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். அம்மா இறந்துவிட்டதைச் சொன்னாள். தோட்டத்தை வேரோடு பிடுங்கிவிட்டு அவள் தம்பி அங்கே வீடு கட்டுகிறானாம்.

"இனிமே எங்க அம்மா செடின்னு இருக்கிறது இங்க இருக்கிறது மட்டும்தான் அக்கா" என்று சொல்லிக்கொண்டே கிணற்றடிக்கு நடந்தாள்.

சாம்பல் போட்டதைச் சொல்லிவிடத்தான் பின்னாலேயே போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்.

குச்சியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "வெயிலா அக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா, வெயிலுதான்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பி இடுப்புவரை குனிந்தாள். "பனியில வளர்ற செடியை இங்க கொண்டுவந்தது என் தப்பு. உங்களுக்கு எவ்ளோ சிரமம். மன்னிச்சிடுங்க அக்கா."

"பரவால்ல, விடும்மா" என்று அவளை மன்னித்தேன்.