பினாயில் அக்காவும் பூஜ்ஜியப் புகார்களும்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது. சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதைக் காண முடியாது. பன்னிரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தின் கழிப்பறைகளைக் கழுவுகிறவளுக்குப் பிள்ளைகள் ‘பினாயில் அக்கா’ என்று பட்டம் சூட்டினார்கள். ஆசிரியர்களும் கூச்சமில்லாமல் அப்படியே கூப்பிட்டார்கள். அப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடத்தில்தான் ஒருநாள் ‘கேலி, கொடுமை ஒழிப்புக் குழு’ உதயமானது.

குழுவை லேசாக நினைக்கக் கூடாது. பதாகை கட்டினார்கள், உறுதிமொழி எடுத்தார்கள், கையைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை அறை வாசலில், போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, ஒரு புகார் பெட்டி மாட்டினார்கள். ரகசியமாகப் புகார் போட இதைவிடத் தோதான இடம் உண்டா? சாவியை மாணவர் தலைவியிடம் ஒப்படைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண். நல்ல மார்க், கணீர்க் குரல், தலைமையாசிரியை மேடத்தைக் கண்டால் முதல் ஆளாக எழுந்து நிற்பாள். வேறென்ன தகுதி வேண்டும்?

அக்காவைக் குழுவுக்கு யாரும் கூப்பிடவில்லை. பாவம், கழிப்பறையில் நடப்பதைத் தவிர அவளுக்கு என்ன தெரியும்? ஏழாம் வகுப்புக் கண்ணாடிக்காரி ஒருத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவது தெரியும். வெளியே கதவைத் தட்டித் தட்டிச் சிரிக்கும் கூட்டத்தில் கணீரென்று கேட்கும் குரல் யாருடையது என்பதும் தெரியும். இரண்டு தடவை துடைப்பத்தோடு போய் விரட்டினாள். வகுப்பாசிரியையிடமும் சொல்லிப் பார்த்தாள்.

“சின்னப் பிள்ளைங்க விளையாட்டு, அக்கா. அதான் பெட்டி வச்சிருக்கோமே. கஷ்டம்னா அவளே எழுதிப் போடுவா.”

அக்காவுக்கு ஒரு பழக்கம். குப்பையை அப்படியே மூட்டை கட்டமாட்டாள். காகிதத்தைத் தனியாகப் பிரித்த பிறகுதான் கட்டுவாள். மாதக் கடைசியில் தலைவி பெட்டியைத் திறந்த மறுநாள், கழிப்பறைக் கூடையைக் கவிழ்த்தபோது கசங்கிய மஞ்சள் சீட்டுகள் விழுந்தன. புகார் பெட்டிக்கென்றே அச்சடித்த சீட்டுகள். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டாமலே படித்தாள். ‘கண்ணாடியப் பிடுங்கித் தண்ணியில போட்டாங்க. டீச்சர், தயவுசெஞ்சு வாங்க.’ மொத்தம் பதினொன்று, எல்லாம் ஒரே குண்டுக் கையெழுத்து. ஒவ்வொன்றாக நீவிப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மேடம் மைக்கைப் பிடித்தார். “இந்த மாசம் புகார் பூஜ்ஜியம்! நம்ம பள்ளிக்கூடத்துல கொடுமைங்கிற பேச்சுக்கே இடமில்ல!” கைதட்டல் காதைப் பிளந்தது. கண்ணாடிக்காரி மட்டும் வரிசையில் இல்லை. அம்மாவோடு மேடத்தின் அறையில் உட்கார்ந்திருந்தாள், பள்ளியை விட்டு விலகும் விண்ணப்பத்தோடு.

கூட்டம் முடிந்து மேடம் அறைக்குத் திரும்பிய பிறகு பேசியதெல்லாம், தாழ்வாரம் துடைத்துக்கொண்டிருந்த அக்கா காதில் விழுந்தது.

“வாயே திறக்க மாட்டேங்கிறா மேடம். ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு மட்டும் அழறா. காரணம்னு கேட்ட இடத்துல என்ன எழுதறது?” என்றாள் அம்மா.

“குடும்பக் காரணம்னு எழுதுங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.”

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அக்கா உள்ளே போனாள். சீட்டுகளை விண்ணப்பத்தின் மேல் கொட்டினாள். “காரணம் இதோ இருக்கும்மா.”

“யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?” மேடம் சீறினார்.

“குப்பையிலிருந்து எடுத்தேன் மேடம். பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்குன்னு அதைக் கேளுங்க.”

அம்மா ஒவ்வொரு சீட்டாகப் படித்தாள். “ஏன் கண்ணு, எங்கிட்ட சொல்லல?”

“எழுதிப் போட்டா பெரியவங்க வருவாங்கன்னு மேடம் சொன்னாங்கம்மா. தினமும் காத்துக்கிட்டு இருந்தேன்.”

மேடத்தின் கை இல்லாத மைக்கைத் தேடியது. அம்மா விண்ணப்பத்தில் நிதானமாக எழுதினாள்: ‘என் மகள் பதினொரு தடவை கூப்பிட்டாள். யாரும் வரவில்லை.’ எழுதியதை மேடத்தின் பக்கம் தள்ளினாள்.

“இதுதான் காரணம்னு கையெழுத்துப் போடுங்க மேடம். போட முடியாதுன்னா, என் பொண்ணு இங்கதான் படிப்பா.”

மேடம் பேனாவைத் தொடவில்லை.