பாதியில் திருப்பிய வாய்க்கால்

பூமாலை மண்வெட்டியைக் கையில் எடுத்தால் தண்ணீர் அவன் சொன்ன பக்கம் போகும் என்று கல்வராயன் மலையடிவாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லச் சொல்ல ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. நூறு நாள் வேலையில் சரிவில் எங்கே வாய்க்கால் வெட்டுவது என்று கோடு போடுவது அவன்தான்.

சொந்த வீடு கட்டியபோது, மேட்டிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீரைத் தடுக்க வீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினான். அதை ஓடை வரைக்கும் கொண்டுபோயிருக்க வேண்டும். நடுவில் அவனுடைய மரவள்ளி நின்றது, கிழங்கு பிடிக்கிற பருவம். மனசு வரவில்லை. வாய்க்காலைக் கொல்லை மூலையோடு நிறுத்திக் கீழே திருப்பிவிட்டான். கீழே காசியம்மாளின் மண்சுவர் வீடு. அவள் ஒண்டிக்கட்டை. கிழங்கு எடுத்ததும் மீதியை வெட்டிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மழை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

ஐப்பசி அடைமழையில் காசியம்மாளின் பின்சுவர் ஊறிச் சரிந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் பூமாலைதான். மண்ணைக் கிளறிப் பானை சட்டிகளை எடுத்துக் கொடுத்தான், கேழ்வரகு மூட்டையைத் தோளில் சுமந்தான்.

"பூமாலை மாதிரி பக்கத்து வூட்டுக்காரன் கெடைக்கணும்" என்று கூடியிருந்தவர்கள் மெச்சினார்கள். அவனுக்கு உடம்பு கூசியது. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றான். அதை அடக்கம் என்று வேறு எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மழை விட்டதும் மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே ஓடையை நோக்கி வெட்ட ஆரம்பித்தான். காசியம்மாள் மேட்டில் ஏறி வந்தாள்.

"இன்னா பூமாலை, கெழங்கு முத்தறதுக்குள்ள பிடுங்கிக்கினு இருக்க?"

"வாய்க்கால ஓடையில சேத்துடறேன்க்கா. இனிமே தண்ணி உங்க பக்கம் வராது." தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"நீ கீழ திருப்பி வுட்டப்பவே பாத்தேன். தண்ணி வெவரம் தெரிஞ்ச ஆளு, நீ சரியாத்தான் செய்வன்னு சும்மா இருந்துட்டேன்." சற்று நின்று, சாய்ந்து கிடந்த செடிகளைப் பார்த்தாள். "இப்பதான் செவுரே இல்லியே. தண்ணி வந்தா இன்னா, வராட்டி இன்னா? உன் கெழங்காவது நிக்கட்டும் வுடு."

திட்டியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாய்க்காலை முடித்தான். தை பிறந்ததும் காசியம்மாளின் பின்சுவரையும் அவனே மண் குழைத்து எழுப்பினான். அதற்கும் ஊர் அவனைப் புகழ்ந்தது. காசியம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.