ஆடிக்கு அம்மா வீடு, விசாவுக்கு விளக்கம்

எங்கள் வீட்டில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான். வெளிநாட்டில் படிக்கும்போதே, விடுமுறையில் ஊருக்கு வந்து ஆனியில் கல்யாணம் முடித்தேன். ஆடி பிறந்ததும் மனைவி செல்வி பத்தமடைக்கு, தாய்வீட்டுக்குப் போனாள். ஆடி முடியுமுன் நானும் விமானம் ஏறிவிட்டேன்.

அவளுக்கு வேலை அனுமதியோடு விசா கேட்டோம். அதிகாரி போனில், "கணவரோடு எத்தனை நாள் இருந்தீர்கள்?" என்றார். "பத்து நாள். அப்புறம் அம்மா வீட்டுக்கு வந்துட்டேன்" என்றிருக்கிறாள். ஆடி என்று சொல்லத் தோன்றவில்லை. கல்யாணம் உண்மைதானா என்று விளக்கம் கேட்டார்கள்.

"நானே கெடுத்துட்டேனே" என்று போனில் அழுதாள்.

"அழாதட்டி, உள்ளதத்தான சொன்ன" என்றேன்.

ஆடி வழக்கத்தையும், பாய் வாங்கும் சாக்கில் அவளைப் பார்க்கப் போனதையும், "மாப்பிள, இன்னைக்கும் பாயா?" என்று அத்தை கேலி செய்ததையும் அப்படியே எழுதி அனுப்பினேன். விசா கிடைத்தது.

இப்போது விண்ணப்பிக்கும் நண்பர்களிடம், நம் வழக்கத்தை முதலிலேயே ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொல்கிறேன். அவர்கள் வெட்கப்பட்டு எழுதாமல் விட்டதையெல்லாம் செல்வி கேட்டுக் கேட்டுச் சேர்க்கிறாள்.